பனிக்குப் போர்த்திய போர்வை

(தவக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகம்: மத்தேயு 26:36-46)



பங்குனி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. சிலுவைப்பாதைக்கு வருகிறவர்கள் குடையோடும் தண்ணீர்ப் பாட்டிலோடும் வருகிறீர்கள். இன்று உங்களைச் சற்று நேரம் குளிரான ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன். வெயிலுக்கு இதமாக இருக்குமே என்பதற்காக மட்டுமல்ல. நாம் எப்படிச் செபிக்கிறோம் என்பதைப் பற்றி, இறையியல் கல்லூரியில் படித்தபோது எனக்குப் புரியாத ஒன்று அந்த இடத்தில்தான் புரிந்தது.

2018ஆம் ஆண்டு கோடையில் இரண்டு மாதங்கள் சுவிட்சர்லாந்து நாட்டில் பணி செய்தேன். அங்கே பங்குத்தந்தையர் விடுமுறையில் போகும்போது, அவர்களுக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்ற நம் குருக்கள் சிலர் போய்வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இருந்தது வாலே மாநிலத்தின் மேற்புறத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். முன்பு இறையியல் படித்த காலத்தில் கற்ற ஜெர்மன் மொழி கைகொடுத்தது.

ஒரு ஞாயிறு, பெர்ன் நகரத்திலிருந்து ஓர் ஈழத்தமிழ்க் குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. எண்பதுகளில் போருக்குத் தப்பி அங்கே போனவர். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அங்கேயே சமையல்காரராகி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். கூடவே அவர் மனைவியும் ஏழு வயதுப் பேத்தியும் வந்திருந்தார்கள். திருப்பலி முடிந்ததும் அவர், "சுவாமி, வாங்கோ. உங்கட ஊரில இல்லாத ஒண்டைக் காட்டுறன்" என்று காரில் ஏற்றிக்கொண்டார்.

போனது ரோன் பனியாற்றுக்கு. பனியாறு என்றால் ஓடும் தண்ணீர் இல்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மலைமேல் விழுந்த பனி அழுந்தி அழுந்திக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே மெல்லக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய பனிக்கட்டி மலை. அதன் அடியில் உருகுகிற தண்ணீரிலிருந்துதான் ரோன் என்ற நதி பிறக்கிறது. அது ஜெனீவா ஏரிக்குள் புகுந்து வெளியே வந்து, பிரான்சில் லியோன், அவிஞ்ஞோன் நகரங்களைத் தாண்டி, 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மத்தியதரைக் கடலில் சேருகிறது.

ஃபூர்க்கா கணவாய்க்கு ஏறும் சாலை, கொண்டை ஊசி வளைவுகளாக மேலே மேலே போகிறது. குளிர்காலம் முழுவதும் பனி மூடி அந்தச் சாலை அடைபட்டுக் கிடக்கும். கோடை மாதங்களில்தான் திறப்பார்கள். ஒரு வளைவில் பெல்வெதேர் என்ற பழைய தங்கும் விடுதி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. அந்தக் காலத்தில் சன்னலைத் திறந்தால் பனியாறு எதிரே நிற்குமாம். அதைப் பார்க்கவே சீமான்கள் வந்து தங்கினார்கள். நான் போனபோது விடுதி மூடிக் கிடந்தது. சன்னல் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பனி பின்வாங்கிப் போய்விட்டது.

எங்களைக் கூட்டிப் போனவர் சாலை ஓரத்தில் நின்று கையை நீட்டிக் காட்டினார். "நான் வந்த புதிசில, சுவாமி, இந்த ஐஸ் அந்தா அந்தக் கல்லு மட்டும் நிண்டது. இப்ப பாருங்கோ எங்க போட்டுது எண்டு." அவர் காட்டிய இடத்தில் வெறும் பாறை. அதற்கும் அப்பால், பனி இருந்த பள்ளத்தில், உருகிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓர் ஏரியாகத் தேங்கியிருந்தது.

கட்டணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, பாறைகளின் மேல் நடந்து பனிக்கு அருகில் போனோம். அங்கே நான் கண்டதை மறக்க முடியாது. அந்தப் பனிமலையின் ஓரம் முழுவதும் வெள்ளைப் போர்வைகள். ஒன்றோடொன்று தைத்த, கனமான, பெரிய பெரிய போர்வைகள். சில இடங்களில் கிழிந்து, மழையிலும் மண்ணிலும் அழுக்கேறி, ஓரங்களில் கயிறு கட்டிக் கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணிகளை எல்லாம் துவைத்துக் காயப்போட்டது போல் இருந்தது.

அந்தச் சிறுமி கேட்டாள்: "அப்பப்பா, ஐஸுக்குக் குளிருதோ? ஏன் போர்த்தியிருக்கினம்?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் நல்ல கேள்வி. நம் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குப் பதில் தெரியும். மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தை உமியிலும் மரத்தூளிலும் புதைத்து, மேலே சாக்கைப் போர்த்தி வைப்பார்கள் அல்லவா? போர்வை சூடு தருவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே இருப்பதிலிருந்து காக்கிறது. மனிதனுக்குப் போர்த்தினால் அவன் சூடு போகாது. பனிக்குப் போர்த்தினால் அதன் குளிர் போகாது. வெள்ளைத் துணி வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். போர்த்திய இடத்தில் உருகுவது பாதிக்கும் மேல் குறைகிறது என்று அளந்து சொல்கிறார்கள்.

போர்வைகளுக்கு அடியில் ஒரு வாசல். அதற்குள் பனியைக் குடைந்து, சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகை. காலடியில் மரப்பலகை. பக்கச்சுவர் பனி. கூரையும் பனி. எங்கும் நீல வெளிச்சம். வெள்ளை ஒளியிலுள்ள சிவப்பைக் கனத்த பனி விழுங்கிவிடுகிறது, நீலம் மட்டும் நமக்கு வந்து சேருகிறது. மாதாவின் மேலாடைக்கு நம் ஊர்ப் பெயிண்டர்கள் பூசுவார்களே, அந்த நீலம். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் என் வழுக்கைத் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. சுவரில் காது வைத்தால் உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். அந்தச் சத்தம் அழகாக இருந்தது. ஆனால் அது அந்தப் பனி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிற சத்தம்.

இந்தக் குகையை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குடைந்து காட்டி வந்திருக்கிறார்கள். ஒருமுறை குடைந்தால் போதாது. பனியாறு நகர்வதால் குகையும் நெளிந்து போய்விடும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குடைய வேண்டும், போர்வைகளையும் விரித்துக் கட்ட வேண்டும். வாசலில் ஒருவர் மண்வெட்டியோடு பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இன்னும் எத்தனை வருடம் இது இருக்கும்?" என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "அது எனக்குத் தெரியாது, ஃபாதர். அடுத்த வருடமும் வந்து போர்த்துவேன், அது தெரியும்" என்றார். சொல்லிவிட்டுப் பலகையைத் தட்டப் போய்விட்டார்.

அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து நடந்த இன்னொன்று அதை நினைவுக்குக் கொண்டுவந்தது.

அந்தப் பனியாற்றிலிருந்து ரோன் நதியோடு சுமார் 40 கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஃபீஷ் என்று ஓர் ஊர். பக்கத்தில் ஃபீஷர்டால் என்று மற்றோர் ஊர். இரண்டும் கத்தோலிக்க ஊர்கள். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மிகப் பெரிய பனியாறான அலெட்ஷ் இவர்கள் தலைக்கு மேலே இருக்கிறது. 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம். இன்று நாம் பனி உருகுகிறதே என்று கவலைப்படுகிறோம். 17ஆம் நூற்றாண்டில் அந்த மக்களுக்குப் பனி வளர்கிறதே என்பதுதான் கவலை. ஐரோப்பா முழுவதும் குளிர் மிகுந்திருந்த காலம் அது. பனி மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்தது. பனியாற்றின் ஓரத்தில் மெர்யெலென் என்ற ஏரி. பனிதான் அதற்குக் கரை. கரை உடைந்த போதெல்லாம் வெள்ளம் ஊருக்குள் பாய்ந்தது.

1678ஆம் ஆண்டு அந்த இரண்டு ஊர் மக்களும் சேர்ந்து கடவுளுக்கு ஒரு நேர்ச்சை செய்தார்கள். நல்லொழுக்கத்தோடு வாழ்வோம், பனியாறு வளராதிருக்கச் செபிப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1862இல் ஆண்டுதோறும் ஒரு பவனியும் சேர்ந்துகொண்டது. ஜூலை 31, புனித லொயோலா இஞ்ஞாசியார் திருவிழா அன்று, விடியற்காலையில் மக்கள் காட்டுக்குள் இருக்கும் சிற்றாலயத்துக்குச் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள். தாத்தா கேட்டதைப் பேரன் கேட்டான், அவன் பேரனும் கேட்டான்: ஆண்டவரே, பனி வளராதிருக்கட்டும்.

பனி பின்வாங்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அலெட்ஷ் பனியாறு மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுருங்கிவிட்டது. ஆனால் மக்களுடைய செபம் மாறவில்லை. நேர்ச்சை அல்லவா! முன்னோர் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. ஆறு வற்றுமோ, மேய்ச்சல் காயுமோ என்று பயப்படுகிற காலம் வந்த பிறகும், பவனி போகிறவர்கள் பழைய மன்றாட்டையே சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் 2009ஆம் ஆண்டு அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். நேர்ச்சையைத் தாங்களாக மாற்றக்கூடாது என்று, உரோமைக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். எங்கள் மன்றாட்டை மாற்றிச் சொல்ல அனுமதி வேண்டும் என்பதுதான் விண்ணப்பம். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் அந்த அனுமதி கிடைத்தது. இப்போது அதே மக்கள், அதே நாளில், அதே காட்டுப்பாதையில் நடந்து, பனி உருகிப் போகாதிருக்க மன்றாடுகிறார்கள்.

2018 ஜூலை 31 அன்று நானும் அந்தப் பவனியில் நடந்தேன். முன்னால் சிலுவை, பின்னால் செபமாலை சொல்லும் மக்கள். ஈரமான ஊசியிலை மரங்களின் வாசனை. எனக்குப் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு மூதாட்டி. சிறுமியாக இருந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பனி குறையட்டும் என்று செபித்தாராம். "இப்போது இருக்கட்டும் என்று செபிக்கிறேன். இரண்டையும் அதே ஆண்டவரிடம்தான் கேட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கூச்சமோ குழப்பமோ இல்லை.

அன்பர்களே, அவர் சொன்னதைக் கேட்டதும் என் நடை தளர்ந்தது. மன்றாட்டை மாற்றத் தெரியாத ஒரு குருவானவரை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான்.

நான் குருவாகிச் சில ஆண்டுகள் ஆன காலம். ஒரு கிராமப் பங்கில் இருந்தேன். அங்கே ஒரு விவசாயி, ஐம்பது வயது இருக்கும், கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பவர். அவருக்குப் புற்றுநோய். வீட்டில் ஒன்பது நாள் நவநாள் வைத்தோம். நாள் தவறாமல் போனேன். பூரண சுகம் கிடைக்கும் என்று உரக்கச் செபித்தேன். ஊரே திரண்டு வந்து செபித்தது. ஆறாம் நாள் இரவு, அவருடைய மூத்த மகன் என் பின்னாலேயே நடந்துவந்து, கோயில் வாசலில் என்னை நிறுத்தினான். "சாமி, டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ஒரு மாசம்தான்னாரு. அப்பாகிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும். சித்தப்பாகூட பதினோரு வருசமா பேச்சுவார்த்தை இல்ல. அதையாவது..." என்றான்.

நான் அவனை முடிக்க விடவில்லை. "தம்பி, ஆண்டவரால் ஆகாதது ஒன்றும் இல்லை. நீயே இப்படி நம்பிக்கையை விட்டால் எப்படி?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு. உண்மையில் எனக்குப் பயம். சாகப்போகிற மனிதனுடைய கண்ணைப் பார்த்து உண்மையைப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். வாயில் குழாய். பேச்சு இல்லை. அப்படியே போய்விட்டார். அடக்கத்தின்போது அந்தத் தம்பிக்காரர் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "ஒரு வரப்புக்காகச் சண்டை போட்டோம் சாமி. பொழைச்சு வந்துருவாருன்னு எல்லாரும் சொன்னீங்க. அப்புறமா பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா வந்து கால்ல விழுந்திருப்பேனே" என்றார்.

நான் என்ன பதில் சொல்வேன்? இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டேன். மன்னிப்பும் பெற்றேன். ஆனால் அந்த இரண்டு சகோதரர்களுக்கும் போன அந்த ஒரு மாதத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இப்போது இன்றைய வாசகத்துக்கு வாருங்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு செபித்த செபம் நமக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதாலேயே ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். வீட்டுக்குப் போய் விவிலியத்தைத் திறந்து, மத்தேயு 26ஆம் அதிகாரத்தில் 39ஆம் வசனத்தையும் 42ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே செபம் இல்லை. முதல் தடவை ஆண்டவர் தந்தையிடம், முடியுமானால் இந்தக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று கேட்கிறார். தந்தையின் விருப்பத்துக்கே விட்டுவிட்டாலும், அகல வேண்டும் என்பதுதான் கேள்வி. பிறகு எழுந்து சீடர்களிடம் போகிறார். அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பிப் போய் மறுபடியும் செபிக்கும்போது வார்த்தை மாறியிருக்கிறது. இப்போது, தாம் குடித்தாலன்றி இது அகலாது என்றால் என்ற இடத்திலிருந்து அவர் பேசுகிறார். அகலட்டும் என்ற கேள்வி அங்கே இல்லை. தந்தையின் திருவுளம் ஆகட்டும் என்பதே மன்றாட்டு. மூன்றாம் தடவையும் அதையே சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார்.

ஓர் இரவுக்குள் இறைமகன் தம் மன்றாட்டை மாற்றிச் சொன்னார். அவருடைய நம்பிக்கை குறைந்துபோய்விட்டதா? முதல் செபம் தவறா? இல்லை. ஒரு மகன் தகப்பனிடம் மனதில் உள்ளதைத் திறந்து கேட்டான், தகப்பனுடைய மௌனத்தைக் கவனித்தான், அடுத்த வார்த்தையை அந்த மௌனத்துக்கு ஏற்றபடி சொன்னான். செபம் என்றால் பேசிக்கொண்டே போவது மட்டுமல்ல, கேட்பதும்தான் என்று வகுப்பில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஃபீஷ் ஊர் மக்கள் மலையைப் பார்த்து, அதில் கடவுள் சொல்வதைக் கேட்டு, தங்கள் மன்றாட்டை மாற்றினார்கள். நான் அந்த வீட்டில் ஒன்பது நாள் பேசினேன். அந்தப் பையன் சொன்னதைக் கேட்கவில்லை.

தயவுசெய்து என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். நோயாளிக்குச் சுகம் வேண்டிச் செபிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசி மூச்சுவரை கேளுங்கள். ஆண்டவர் அற்புதம் செய்ய வல்லவர். ஆனால் சுகம் கொடும் என்ற மன்றாட்டோடு இன்னொன்றையும் சேர்க்கப் பழகுங்கள்: சுகம் இல்லையென்றால், இந்த நாட்களை நாங்கள் வீணாக்காதிருக்கச் செய்யும் என்று. இந்த இரண்டாவது மன்றாட்டைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. சொன்னால் அபசகுனம் என்று பயப்படுகிறோம். அதனால்தான் சாமியை வீட்டுக்குக் கூப்பிடவும் பயம். சாமி வந்து எண்ணெய் பூசினால் ஆள் போய்விடுவார் என்று இன்னும் நம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன பழக்கம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் தெளிவாக்கிவிட்டது. அது நோயில்பூசுதல். சாகிறவர்களுக்கு மட்டும் உரிய அருட்சாதனம் அல்ல. நோயாளி நினைவோடு இருக்கும்போது, தானே வாய் திறந்து செபிக்க முடிகிறபோது கூப்பிடுங்கள். மயக்கமான பிறகு நள்ளிரவில் ஓடி வராதீர்கள். அப்போதும் நான் வருவேன். ஆனால் அதற்கு முன்பே கூப்பிட்டால், அவரோடு பேச முடியும். யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்க முடியும்.

இங்கேதான் எனக்கு அந்தப் போர்வைகள் நினைவுக்கு வருகின்றன. 147ஆம் திருப்பாடல் பனியைக் கம்பளியோடு ஒப்பிடுகிறது. பூமிக்குக் கடவுள் பனியால் கம்பளி போர்த்தினார். இன்று அந்தப் பனிக்கே மனிதர் கம்பளி போர்த்த வேண்டிய நிலை. போர்த்துகிறவருக்குத் தெரியும், அந்தத் துணியால் பனியாற்றைப் பிழைக்க வைக்க முடியாது. ஆனாலும் அடுத்த ஆண்டும் வருவேன் என்றார். நோயாளியின் வீட்டில் நம்மால் செய்யக்கூடியது பல நேரங்களில் அவ்வளவுதான். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. உதட்டைப் பஞ்சால் நனைப்பது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது. தெரிந்த உண்மையை மறைக்காமல், அன்போடு சொல்வது. கோபித்துக்கொண்டு போனவனைத் தேடிப் போய்க் கூட்டி வருவது. இவற்றால் நோய் போகாது. ஆனால் அந்த மனிதர் போர்வை இல்லாமல் போகமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தால் நான் நேர்மையற்றவன் ஆவேன். அந்தப் போர்வை குகை இருக்கும் ஓர் ஓரத்தைத்தான் மூடியிருந்தது. பனியாற்றின் நீளமோ சுமார் எட்டுக் கிலோமீட்டர். மலை முழுவதற்கும் போர்வை தைக்க யாராலும் முடியாது. 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் மொத்தக் கன அளவில் 10 விழுக்காட்டை இழந்தன. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும்தான் பூமியைச் சூடாக்குகின்றன. அதைக் குறைக்காமல் துணியை மட்டும் விரித்துக்கொண்டிருந்தால் அது மனச்சாட்சிக்குப் போட்ட போர்வை. அந்தப் பனியைப் பார்க்க நான் விமானத்தில் பறந்தும் காரில் ஏறியும் போனவன் என்பதையும் மறைக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடல் இந்தப் பூமியை நம் பொதுவான இல்லம் என்று அழைக்கிறது. வீட்டில் ஒருவர் நோயாய்க் கிடக்கும்போது அடுத்த அறையில் புகை மூட்டிக்கொண்டே, சுகம் தாரும் ஆண்டவரே என்று செபிப்பவரை என்ன சொல்வோம்? ஃபீஷ் மக்களின் 1678ஆம் ஆண்டு நேர்ச்சையில் இரண்டு பாகம் இருந்ததை மறக்க வேண்டாம். செபிப்போம் என்பது ஒன்று. நல்லவிதமாக வாழ்வோம் என்பது மற்றொன்று. மன்றாட்டு மாறியபோதும் அந்தப் பாகம் மாறவில்லை.

அன்று குகையைவிட்டு வெளியே வந்தபோது, அந்தச் சிறுமி எங்களுக்கு முன்னால் ஓடிப்போய், அழுக்கேறிய அந்தப் போர்வையின் ஒரு முனை காற்றில் மடங்கிக் கிடந்ததைப் பார்த்து, இரண்டு கையாலும் இழுத்துச் சரிசெய்தாள். ஓரத்தில் கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து மேலே வைத்தாள். பிறகு தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். யாரும் அவளிடம் செய்யச் சொல்லவில்லை.

சகோதர சகோதரிகளே, பாஸ்காவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். நீங்கள் பல ஆண்டுகளாக ஒரே வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு மன்றாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், கணவரின் குடி, தீராத நோய், எதுவானாலும் சரி. நற்கருணைக்கு முன்னால் பத்து நிமிடம் வாய் திறக்காமல் அதோடு உட்காருங்கள். அது இன்றைக்கும் உங்கள் மன்றாட்டுதானா, அல்லது ஆண்டவர் அதை வேறு வார்த்தையில் கேட்கச் சொல்கிறாரா என்று காது கொடுங்கள். அடுத்து, உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். சுகமாகிவிடும் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

செபிப்போமாக. இரக்கமுள்ள தந்தையே, எங்கள் முன்னோர் ஒன்றைக் கேட்டார்கள், நாங்கள் வேறொன்றைக் கேட்கிறோம். இரண்டையும் கேட்பவர் நீர் ஒருவரே. எங்கள் வார்த்தையில் பிடிவாதமும் பயமும் கலந்திருந்தால் அவற்றை எடுத்துவிடும். எங்களால் காப்பாற்ற முடியாதவர்களின் பக்கத்தில் இருந்து விலகிப் போகாதபடி எங்களைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் காயப்படுத்திய உமது பூமியை மேலும் காயப்படுத்தாமல் வாழ மனமும் கையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.